ஆம் சேர், தண்ணி ஊத்தினேன்

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினொரு பேர் இன்பொக்ஸில் அனுப்பினார்கள், "நீ இதைப் பார்த்தியா?" என்று. பார்த்தேன். எனக்குத் தமிழ் படிப்பித்த சேர் என் பதிவைப் படம் பிடித்து, பெயரை அழித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார், பெரிய மனது. ப்ரொபைல் படத்தை அழிக்கத்தான் மறந்துவிட்டார்.

போன சனிக்கிழமை நான் எழுதியது என்ன? மனம் சரியில்லாத நாட்களில் விளையாடும் நாலைந்து கேம், படுக்கமுன் பார்க்கும் நாலைந்து யூடியூப்காரர். அவ்வளவுதான். அதற்கு சேரின் ஒற்றை வரி: "நாடு கிடக்கிற கிடையில், நாற்பதை எட்டினதுகள் பொம்மைத் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துதுகள்." கீழே சிரிப்பு முகங்கள். அதில் சில, எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த முகங்கள். உயர்திணையும் அஃறிணையும் எனக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். என்னை எந்தத் திணையில் வைத்திருக்கிறார் என்று விளங்காமல் போகுமா? (நாற்பதுக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கிறது, அது வேறு கதை.)

ஆம் சேர், தண்ணி ஊத்தினேன்.

ஸ்டார்டியூ வேலி தெரியாதவர்களுக்கு: 2016இல் வந்த, தோட்டம் செய்யும் கேம். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் தனி ஆளாக நாலரை வருடம் இருந்து செய்தது. படம் கீறியதும் அவர், இசை போட்டதும் அவர். கதை இதுதான்: ஒரு பெரிய கம்பனியில் கணினிக்கு முன்னால் வாடிக்கொண்டிருக்கும் ஆள், தாத்தா விட்டுப்போன கடிதத்தைத் திறக்கிறார். உள்ளே ஒரு காணி. போய்ப் பார்த்தால் கல்லும் கட்டையும் பற்றையும். ஊர்த் தலைவர் பதினைந்து விதை தருகிறார். மிச்சம் உங்கள் கையில்.

எனக்கும் கொழும்புக் கோட்டையில், அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது. எனக்கும் ஒரு அப்பப்பா இருந்தார், அவருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் காணி இருந்தது. 1990இல் விட்டு வந்தோம், எனக்கு நாலு வயது. பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். அப்பப்பா கடிதம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, காணி உறுதியின் போட்டோப் பிரதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். இராணுவம் காணியை விட்டபிறகு போய்ப் பார்த்தோம். கிணறு இருந்தது. வீடு எங்கே நின்றது, மாட்டுக்கொட்டில் எங்கே நின்றது என்று அப்பா காலடியால் அளந்து அளந்து காட்டினார். அதில் என்ன வைப்பது என்று கனடாவும் இலண்டனும் இன்னும் வாட்ஸ்அப்பில் கதைத்து முடியவில்லை.

அந்தக் கேமில் மூன்றாம் வருடம் பிறக்கும்போது தாத்தாவின் ஆவி வந்து தோட்டத்தைப் பார்க்கும். திருப்தி என்றால் நாலு மெழுகுவர்த்தி எரியும். எனக்கு முதல் தடவை மூன்றுதான் எரிந்தது. இருந்து அழுதேன். இதைச் சனிக்கிழமைப் பதிவில் எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

"நாடு கிடக்கிற கிடை" என்கிறீர்கள். நான் என்ன சுவிஸிலா இருந்தேன்? காஸ் வரிசையில் நின்ற கால் எனக்கும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது என் மடிக்கணினியின் பற்றரி செத்துப் போயிருந்தது. ஸ்டார்டியூவில் நித்திரைக்குப் போனால்தான் அன்றைய நாள் சேமிக்கப்படும். எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று பட்டியல் சொல்லும், ஏழே முக்காலுக்குப் போகும். நாள் முழுக்கப் பிடித்த மீன் எல்லாம் அதோடு சரி. இருட்டில் அம்மா கேட்பா, "உன்ர தோட்டமும் போச்சோ?" அந்த வருடம் அந்த வீட்டில் நாங்கள் சிரித்த சில தடவைகளில் அது ஒன்று. 2020இலும் அப்படித்தான். மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு இங்கே ஊரடங்கு போட்டார்கள். அன்றைக்குத்தான் ஆளுக்கொரு தீவில் குடியிருந்து விளையாடும் அனிமல் கிராசிங்கின் புதிய கேமும் வந்தது. டொரொன்டோவில் இருக்கும் சித்தியின் மகளை மூன்று மாதம் அந்தப் பொம்மைத் தீவில்தான் சந்தித்தேன்.

அன்பேக்கிங் என்ற கேம் பற்றியும் எழுதியிருந்தேன், அதை யாரும் படம் பிடிக்கவில்லை. ஒரு பெண் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் பெட்டிகளைத் திறந்து அவளுடைய சாமான்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். கதை என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஒரு வருடம் காதலனின் வீட்டுக்குப் போகிறாள், அங்கே அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட ஒரு சுவரும் இல்லை. கடைசியில் கட்டிலுக்குக் கீழே தள்ளினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு இருந்தேன். கேம் தொடங்குவது 1997இல், ஒரு சிறுமியின் சொந்த அறையில். நாங்கள் கொழும்புக்கு வந்து இறங்கியதும் 1997தான், இரண்டு பையோடு. சொந்த அறை எனக்கு 2011இல் கிடைத்தது.

"விளையாடுவதையாவது விடு, இன்னொருத்தன் விளையாடுவதைக் குந்தியிருந்து பார்ப்பது என்ன வியாதி?" இது வேறொரு அண்ணாவின் கேள்வி. அண்ணா, 1996 உலகக் கிண்ணத்தை நீங்கள் மட்டை பிடித்தா வென்றீர்கள்? ஐம்பது ஓவரும் கதிரையில் சாய்ந்திருந்து, நடுவில் "இவனை ஏன் இறக்கினவங்கள்" என்று தொலைக்காட்சியோடு சண்டை பிடித்த உங்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டுமா?

நான் பார்ப்பவர்களைத் திரும்பவும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ரஸ்பியூட்டன் என்பவர் கேமே விளையாடாத தன் மனைவியிடம் கேம்களைக் கொடுத்து, உதவி செய்யாமல் பக்கத்தில் இருந்து பார்ப்பார். கொன்ட்ரோலரின் இரண்டு குச்சியையும் ஒரே நேரத்தில் அசைத்து நடக்கவும் பார்க்கவும் அந்த மனைவி படும் பாட்டைப் பார்த்த அன்றுதான், எனக்கு அம்மாவின் கையில் கொன்ட்ரோலரைக் கொடுக்கும் எண்ணம் வந்தது. மார்க் பிரவுணின் கேம் மேக்கர்ஸ் டூல்கிட் என்ற சனல், ஒரு கேம் ஏன் நன்றாக இருக்கிறது என்று திருகாணி திருகாணியாகக் கழற்றிக் காட்டும். பத்து வருடம் அப்படிப் பேசிவிட்டு 2024இல் தானே ஒரு கேம் செய்து வெளியிட்டார். வாயால் மட்டும் விமர்சனம் செய்பவர்கள் கவனிக்கவும். எனி ஆஸ்டின் என்பவர், கேம் ஊர்களில் யாருக்கு வேலை இருக்கிறது, யார் சும்மா நிற்கிறார் என்று எண்ணி வேலையில்லாதோர் வீதம் கணக்குப் பார்ப்பார். கணக்காளரான எனக்கு அது தாலாட்டு.

"தமிழில் ஒருவரும் இல்லையா?" என்று இரண்டு தம்பிமார் கேட்டிருந்தார்கள். நியாயம்தான். நான் திறந்து பார்த்த நேரலைகளில் பாதி, ஒரே கத்தல். பெண்பிள்ளை ஒருத்தி குரல் கொடுத்தால் அதற்குப் பிறகு வருவதை இங்கே எழுத முடியாது. மெதுவாகக் கதைக்கிற ஆள் இருந்தால் சொல்லுங்கள், முதல் ஆளாக நான் பார்க்கிறேன்.

அடிமையாகிவிடுவாய் என்கிறார்கள். ஒருநாள் விடிய நாலு மணிவரை இருந்துவிட்டு அலுவலகத்துக்குப் பிந்திப் போனது உண்மை. ஒருநாள். சரி, இரண்டு நாள். மூன்று மெகா தொடரை வரிசையாகப் பார்க்கும் வீட்டில் இருந்து அந்தக் கருத்து வந்ததால் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

சேருக்கு மட்டும் ஒன்று கேட்க வேண்டும். 1998இல் ஒரு லொட்ஜ் அறையில் நாங்கள் ஆறு பேர். எனக்குச் சிங்களம் ஒரு சொல் வராது, வெளியே போகப் பயம், பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் தெரியாது. நீங்கள்தான் வாரத்துக்கு ஒரு கதைப்புத்தகம் தந்தீர்கள். பொலிஸ் பதிவு பார்க்க வந்து கதவைத் தட்டிய இரவுகளில் நான் அந்தப் புத்தகங்களுக்குள், இல்லாத ஊரில், இல்லாத சனங்களோடு இருந்தேன். அப்போது நாடு நன்றாகவா கிடந்தது சேர்? அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லையே. "இதை முடிச்சிட்டியா, அடுத்தது தரட்டோ?" என்றுதான் கேட்டீர்கள்.

சரி, இதற்குமேல் எழுதினால் நான் வேறெதாவது எழுதிவிடுவேன். சனிக்கிழமைப் பதிவை அழிக்கமாட்டேன். சிரித்தவர்கள் தேத்தண்ணிக்கு வரலாம், சீனி மட்டும் குறையும்.

அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டா, "பிள்ளை, இண்டைக்கு அங்க மழையோ?" என்று. மழை என்றால் தண்ணி ஊத்தத் தேவையில்லை, அவவுக்கு அது இப்போது நன்றாகத் தெரியும். கேமில் இன்றைக்கு இலையுதிர்காலம் 27ஆம் திகதி. பூசணி எல்லாம் இன்னும் நிலத்தில் கிடக்கிறது, நாளைக்குள் பிடுங்காவிட்டால் பனிக்குச் செத்துவிடும். போகிறேன்.