மார்பு வழி எக்கோ எல்லோருக்கும் போதாது

ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையை மார்பின் மேல் கருவியை வைத்து எடுத்தாலே போதும், தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் குழாயை இறக்கி எடுப்பது நோயாளிக்கு வீண் துன்பம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதயத்தின் இடது மேலறை உணவுக்குழாயை ஒட்டியே அமைந்திருப்பதால், விலா எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கிடாமல், மிக அருகிலிருந்து, கூடுதல் அதிர்வெண் கொண்ட ஒலி அலைகளால் அதைத் துல்லியமாகப் பார்க்க முடிகிறது. குறிப்பாக, அந்த மேலறையின் ஓரத்தில் சிறு பை போல் நீண்டிருக்கும் பகுதியில் உறையும் இரத்தக்கட்டி மார்பு வழிப் படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும்போது அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும் என்பதை நினைத்தால், சில நிமிடச் சிரமம் பெரிதாகத் தோன்றாது. செயற்கை வால்வில் தொற்று இருக்கிறதா என்று அறியவும் தொண்டை வழி எக்கோவே மேல்.

ஆனால் விழுங்குவதில் சிரமமோ, உணவுக்குழாயில் அடைப்போ, அங்கு முன்பு அறுவை சிகிச்சை செய்த வரலாறோ இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அவசியமான இந்த எச்சரிக்கையைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. பரிசோதனை முடிந்த பிறகும், குழாயை இறக்குவதற்காக மருந்தால் மரத்துப்போகச் செய்த தொண்டையின் மரப்பு முழுவதும் நீங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.