அழகான எக்யூ வேண்டாம், அடித்துத் திருத்தியதே போதும்

பிரெஞ்சு அரசர் காலத்து வெள்ளிக் காசு சேர்ப்பவர்கள் பேச ஆரம்பித்தால் ஒரே பாட்டுத்தான்: முகம் தெளிவாக இருக்கிறதா, கீறல் இல்லையே, கிரேடு என்ன? எனக்கு இந்த ரசனை ஒத்துவரவில்லை. பதினான்காம் லூயியின் 1690-களின் எக்யூ என்ற வெள்ளிக் காசுகளில், பார்த்ததும் "ஐயோ, குழம்பிக் கிடக்கே" என்று ஒதுக்குகிறார்களே, அவற்றைத்தான் நான் முதலில் தேடுவேன்.

எக்யூ 1641-இல், பதிமூன்றாம் லூயி காலத்தில் வந்தது. அச்சடிக்கச் சுத்தியலுக்குப் பதில் திருகு எந்திரம், சுமார் 27 கிராம் எடை, நல்ல வெள்ளி. ஆனால் அதன் மதிப்பு காசில் எங்கும் பொறிக்கப்படவில்லை. எத்தனை லிவ்ர், எத்தனை சோல் (அன்றைய பிரெஞ்சுப் பணக் கணக்கின் அலகுகள்) என்பதை அரசாணைதான் சொல்லும். ஆணை மாறினால் பையில் கிடக்கும் அதே காசின் மதிப்பும் மாறும். அரசருக்கு எவ்வளவு வசதி!

1689-இல் பதினான்காம் லூயிக்குப் போர்ச் செலவுக்குப் பணம் போதவில்லை. வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளும் விளக்குத்தண்டுகளும் உருக்கப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியிலேயே இன்னொரு ஆணையும் வந்தது. பழைய எக்யூக்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, உருக்காமல் அவற்றின் மேலேயே புது அச்சை அடித்து, கூடுதல் மதிப்பில் வெளியே விட்டார்கள். இடையில் நிற்கும் வித்தியாசம் அரசருக்கு. 1693, 1701, 1704 என்று இதே வேலை திரும்பத் திரும்ப நடந்தது. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடியவனுக்குக் கடும் தண்டனை. அரசர் ஆணை போட்டுச் சுரண்டினால் அது நிதி நிர்வாகம். லாபம் தெரிந்ததும் கள்ள ஆட்களும் சும்மா இருக்கவில்லை, தாங்களே ரகசியமாக அச்சடித்து அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அவசரமாக அடித்ததால் பழைய அச்சு முழுதாக அழியவில்லை. வயதான லூயியின் கன்னத்துக்கு அடியில் இளம் லூயியின் முடிச்சுருள் எட்டிப் பார்க்கும். பழைய ஆண்டின் ஓர் இலக்கம் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு நாணயச்சாலைகளின் குறியும் கிடைக்கும்: பாரிஸுக்கு ஏ, லியோனுக்கு டி, ரென்னுக்கு 9. லியோனில் பிறந்த வெள்ளி ரென்னில் மறுபடி அடி வாங்கியது என்று காசே சொல்லிவிடும்.

1726-க்குப் பிறகு எக்யூ ஆறு லிவ்ர் என்று நிலைத்தது. புரட்சி வரை பெரிய கலாட்டா இல்லை. அந்தப் பதினைந்தாம் லூயி காசுகள் அழகுதான், ஆனால் எனக்குக் கொட்டாவி வருகிறது. அவற்றிலும் எனக்குப் பிடித்தது அரம் போட்ட கோடுகள். எடை கூடிய வெற்று வெள்ளி வில்லையை அச்சடிக்கும் முன் அராவிக் குறைத்த தடம் அது. கோடு உருவத்துக்கு அடியில் மங்கிப் போயிருந்தால் நாணயச்சாலையின் அரம். உருவத்தையும் வெட்டிக்கொண்டு போனால் பின்னால் வந்த கீறல். இரண்டையும் "பழுது" என்று ஒரே கணக்கில் சேர்ப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடியில் பழைய ஆண்டு தெரிந்தால் வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். "குறை உள்ளது" என்று எழுதி விலையைக் குறைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.