"நல்லா நடங்க" என்பது மருந்துச்சீட்டு ஆகாது

சர்க்கரைக்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டை எடுத்துப் பாருங்கள். மெட்பார்மின், காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு. கிளிமிபிரைடு ஒன்று, சாப்பாட்டுக்கு முன். எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, நேரம் உண்டு. உடற்பயிற்சிக்கு? நாம் எழுந்து வாசல்வரை வந்த பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வரும், "நல்லா நடங்கம்மா, என்னா." அவ்வளவுதான். எத்தனை நிமிடம், எந்த வேகம், முட்டு தேய்ந்தவர் என்ன செய்வது, இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்கலாமா கூடாதா, ஒன்றும் கிடையாது. டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, வெளியே வரிசை கேட் வரை நிற்கிறது. ஆனால் உடற்பயிற்சி மருந்து என்றால் அதையும் மருந்து மாதிரியே தரவேண்டும், அளவு சொல்லி, ஆள் பார்த்து, பக்கத்தில் நின்று. குமரி மாவட்டத்தில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்துக்கு மூன்று நாளாவது இப்படி ஒரு கூட்டுப் பயிற்சி நடக்கவேண்டும் என்பதுதான் என் பேச்சு. மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

நான் டாக்டர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், பல வருஷமாகச் சுகர். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பாரிஷ் ஹாலில் சாயங்காலம் நடக்கிற பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நடத்துவது பிசியோதெரபி படித்த ஒரு பெண்பிள்ளை. மதம் ஜாதி எதுவும் பார்ப்பதில்லை, சுகர் இருந்தால் போதும்.

முதலில் ஆராய்ச்சியைப் பார்ப்போம், ஏனென்றால் "எல்லாம் நடந்தா சரியாயிரும்" என்று சொல்பவர்களும் "நடந்து ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களும் இதைப் படித்ததில்லை. 2011-இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 47 ஆய்வுகளை, எண்ணாயிரத்து ஐநூறு பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஆள் வைத்து, திட்டம் போட்டுப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை, அதுதான் ஹெச்பிஏ1சி, சராசரியாக 0.67 சதவீதப் புள்ளி குறைந்தது. வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு மேல் செய்தவர்களுக்கு 0.89. ஒரு மாத்திரை கூடுதலாகச் சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வெறுமனே "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று ஆலோசனை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு? சாப்பாட்டு ஆலோசனையும் கூடச் சேர்ந்தால் கொஞ்சம் குறைந்தது, தனியாக அதுமட்டும் என்றால் குறையவே இல்லை. அந்த வாசல்படி "நல்லா நடங்கம்மா"வின் மதிப்பு அவ்வளவுதான்.

காரணமும் புரியாத விஷயமில்லை. நாம் தின்பது சர்க்கரையாகி ரத்தத்தில் வந்ததும் அதில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியது தசைதான். சுகர்காரர்களுக்கு இன்சுலின் போய்த் தட்டினாலும் தசை சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது இன்சுலின் தட்டாமலே அது சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அது தனி வழி. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், கூடிப்போனால் மூன்று நாள் வரைக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், அப்புறம் பழையபடி. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் சும்மா இருக்கக்கூடாது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்குத்துறை கடற்கரையில் போய் ஒரேயடியாக நடந்துவிட்டு சனிக்கிழமை வரை நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது. நடை மட்டுமே போதவும் போதாது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பாரம் கொடுக்கிற பயிற்சியும் வேண்டும். நம்மூரில் அம்பது தாண்டிய பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் ஹாலில் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கித்தான் செய்கிறோம். சிரித்தவர்கள் இப்போது இரண்டு கையிலும் தூக்குகிறார்கள்.

எங்கள் ஹாலுக்குள் போனதும் பயிற்சி ஆரம்பித்துவிடாது. அந்த பிசியோ பெண்பிள்ளை விரலில் குத்திச் சுகர் பார்ப்பாள். மாத்திரை எப்போ போட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க, நெஞ்சில் ஏதாவது அடைப்பு, தலைசுற்றல்? செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டச் சொல்வாள். சுகர் முந்நூறைத் தாண்டி உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, தண்ணீர் குடித்துவிட்டு டாக்டரிடம் போ என்பாள். கண்ணில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்குப் பாரம் தூக்குவது, மூச்சைப் பிடிப்பது, தலையைக் கீழே தொங்கப்போடுவது எதுவும் கூடாது, அவர்களுக்குத் தனிப் பாடம். பிறகு உடம்பைச் சூடாக்கக் கொஞ்ச நேரம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஹாலைச் சுற்றி வேக நடை, கடைசியில் மெதுவாக இறக்கி நிறுத்துவது. வேகத்துக்கு அவள் சொல்லும் அளவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. எங்கள் கூட்டத்தில் முதல் பாதியை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவே எழுத உட்கார்ந்தேன். எங்களோடு வருகிற ஒரு மாமி, எழுபதை நெருங்கியவர், அன்றைக்கு விரதம். சாப்பாட்டை விட்டிருக்கிறார், மாத்திரையை விடவில்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் நாம் தின்றாலும் தின்னாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், மெட்பார்மின் தனியாக அப்படிச் செய்வது அபூர்வம். "எனக்கு ஒண்ணும் இல்ல மக்ளே, நல்லாத்தான் இருக்கேன்" என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் நிற்கிறார். குத்திப் பார்த்தால் 64. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடனே உட்காரவைத்து மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறியதும் சாப்பிடவைத்து வீட்டுக்கு அனுப்பினாள். மாமி ரத்த அழுத்தத்துக்கு வேறொரு மாத்திரையும் போடுகிறார், அந்த வகை மாத்திரை படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும், அதனால்தான் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் தனியாகக் குளத்தங்கரையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விழுந்திருப்பார், "பாவம், வயசாயிட்டு, தலை சுத்தி விழுந்துட்டாங்க" என்று ஊர் சொல்லியிருக்கும்.

காலைப் பற்றியும் சொல்லவேண்டும். வெறுங்காலோடு கடல் மணலில் நட, ரத்த ஓட்டம் வரும் என்று நம்மூரில் எவன் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை. போதாததற்கு இப்போது எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்துப் பாதை போடுவது வேறு. கால் மரத்துப்போன சுகர்காரனுக்கு இது இரண்டும் விஷம். மத்தியான மணல் சுட்டாலும் அவனுக்குத் தெரியாது, சிப்பி கிழித்தாலும் தெரியாது. குளச்சல் பக்கத்திலிருந்து வரும் ஒரு அண்ணன், வாழ்க்கை முழுக்க வள்ளத்தில் போனவர், செருப்பே போடமாட்டார். ஒருநாள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது நடுவில் ஒரு புண், எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நேரத்தோடு பார்த்ததால் விரல் தப்பியது. இப்போது எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சுகர்காரர் காலுக்கென்று வரும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, போட்டுக்கொண்டு வருகிறார், கடுப்போடுதான். வலி தெரியாதவனுக்கு அவன் காலைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் மேற்பார்வைக்குக் கிடையாது.

"நாங்க பாடுபடுற ஜனம், எங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. விடியுமுன் குலசேகரம் பக்கம் மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு நான் நடக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிற பெண்கள்? காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து உட்கார்ந்து முந்திரிப்பருப்பைத் தோலுரிக்கிறார்கள். கை ஓயாது, உடம்பு அசையாது. இடுப்பு வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது, வீட்டுக்கு வந்தால் அடுப்படி. அவர்களும் பாடுபடுகிறவர்கள்தான், ஆனால் தொடைத் தசைக்கு அந்தப் பாட்டில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. நான் கணக்கு எழுதுகிற நாற்காலியும் அப்படித்தான். அரைமணிக்கு ஒருதடவை எழுந்து நின்று நாலு எட்டு நடந்தாலே சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள். சங்கத்தில் நான் எழுந்து நடந்தால் செயலாளர் "என்னம்மா, பஸ்ஸுக்கா?" என்று கேட்கிறார். அண்டி ஆபீஸில் எழுந்தால் உரித்த பருப்பின் எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும்.

ஆண்களுக்கு வாக்கிங் கூட்டணிகள் இருக்கின்றன. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் விடியற்காலையில் போனால் பார்க்கலாம். நல்லதுதான், தோழமை இருந்தால்தான் மனுஷன் எழுந்து வருவான், கூட்டமாகச் செய்வதன் பாதி பலமே அதுதான். ஒருநாள் வரவில்லை என்றால் இன்னொருத்தர் போன் பண்ணுவார். ஆனால் அந்த நடையின் வேகத்தையும் அது எங்கே போய் முடிகிறது என்பதையும் நாம் பேசவேண்டும். சாயாக்கடையில் முடிகிறது. சீனி போட்ட சாயா, ரெண்டு பழம்பொரி, கொஞ்சம் அரசியல். நடந்து எரித்ததைவிடக் கூடுதல் உள்ளே போய்விட்டது. நீரிழிவு பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாடு 14.4 சதவீதம், கேரளா 25.5. நாம் எல்லையில் இருக்கிறோம், நம்முடைய நாக்கு எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது, வீட்டு வாசலுக்கே சுகர், பிரஷர் மாத்திரை வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் கிடைக்கிறது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். நல்ல யோசனை, ஆனால் முட்டுவலியோடு இருக்கிற புதுச் சுகர்காரி அந்த எட்டு கிலோமீட்டரைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குத்தான் திரும்புவாள். அவளுக்குப் பாதை இருக்கிறது, கூட நிற்க ஆள் இல்லை. இந்தோனேசியாவில் அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ் ப்ரோலானிஸ் என்று ஒரு திட்டம், சுகருக்கும் பிரஷருக்கும். மருத்துவர் ஆலோசனையோடு குழு உடற்பயிற்சியும் அதிலேயே ஒரு பகுதி. நமக்கு அதற்குக் கட்டடம்கூடப் புதிதாகக் கட்டவேண்டாம். மாத்திரை கொடுக்கிற நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறதே, அத்தனை பேரும் சுகர்காரர்கள், அத்தனை பேரும் நாற்காலியிலோ பெஞ்சிலோ இருக்கிறார்கள், காத்திருக்கிற நேரத்துக்குக் கணக்கே இல்லை. ஒரு பிசியோ போய் நின்று எழுந்து உட்காரச் சொல்லித்தந்தால் முதல் வகுப்பு அங்கேயே ஆரம்பம்.

ஊருக்குள்ளும் ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை. மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத தெரு கிடையாது, கத்தோலிக்கர் பக்கம் அன்பியங்கள் என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள் இருக்கின்றன, கோயில் கமிட்டி, ஜமாத் எல்லாம் இருக்கிறது. இடம்தான் தகராறு. திறந்தவெளி என்றால் நம் மாவட்டத்தில் ஜூன் மாத இடவப்பாதியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதோடு பெண்கள் ரோட்டில் கையை வீசி நடந்தால் "என்ன, போலீஸ்ல சேரப்போறியா?" என்று கேட்க ஒரு திண்ணை எப்போதும் தயாராக இருக்கிறது. கூரை வேண்டும், கதவு வேண்டும், கக்கூஸ் வேண்டும். அவ்வளவும் உள்ள சமுதாயக் கூடங்கள் ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கின்றன, கல்யாணமும் தேர்தலும் வந்தால் திறப்பார்கள்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து என் பெயரைச் சொல்லாதீர்கள். பயிற்சி மாத்திரையோடு சேர்ந்தது. குறைக்கவேண்டுமா என்பதை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வார், யூடியூபில் கஷாயம் விற்கிறவர் சொல்லக்கூடாது.

அக்டோபர் 2 கிராமசபை வருகிறது. எங்கள் ஊராட்சிக்கு மனு எழுதியாகிவிட்டது: சமுதாயக் கூடம் வாரத்தில் மூன்று சாயங்காலம் திறந்திருக்கவேண்டும், சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பிசியோ வரவேண்டும், ஒரு குளுக்கோமீட்டரும் அதற்கான ஸ்ட்ரிப்பும், ஒரு டப்பா குளுக்கோஸ் பொடியும். ஸ்ட்ரிப்புக்குத்தான் தொடர்ந்து காசு வேண்டும், மற்றதெல்லாம் ஒருதடவைச் செலவு. உங்கள் ஊராட்சியிலும் கொடுக்க நினைப்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், மனுவின் நகல் அனுப்புகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.