ஜூன் 2 இல்லாத ரயில் ஆண்டா?

அந்த '2023 ரயில் சாதனைகள்' பட்டியலை நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். அதே ஆண்டு ரயில் விபத்துகளில் செத்தவர்களை ஏன் விட்டீர்கள் என்று அதன் கீழே நான் போட்ட ஒரு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். 'நல்ல சேதி பேசுற இடத்துல எழவைக் கொண்டு வராதீங்க' என்றார் ஒருவர். அதற்கு அத்தனை விருப்பக்குறிகள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

பட்டியலில் இருப்பது எதுவும் பொய்யில்லை. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் வரை 142 கிலோமீட்டர் பாதையில், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓட ஆரம்பித்தது 2023-இல்தான். நைஜீரியாவின் லாகோஸில் நீலப் பாதை என்ற நகர ரயில் செப்டம்பரில் மக்களுக்குத் திறந்தது. டெல்லி - மீரட் விரைவு ரயில் பாதையின் முதல் பகுதி அக்டோபரில் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆண்டு முழுவதையும் சொல்கிறோம் என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒடிசா விபத்து நடந்த ஜூன் 2-ஐ எப்படி விட முடிகிறது? கிரீஸ் நாட்டு விபத்து நடந்த பிப்ரவரி 28-ஐ எப்படி விட முடிகிறது?

எங்கள் அப்பா ரயில்வேயில் சிக்னல்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னராக இருந்தவர். என் சின்ன வயதில் ஒருநாள், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்டைச் சோதிப்பது எப்படி என்று காட்டினார். நகரும் தண்டவாளத்துக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு இரும்புத் துண்டை வைத்தார். பாயின்ட் கறகறவென்று வந்து அந்தத் துண்டில் முட்டி நின்றது. பூட்டவில்லை. "இது பூட்டக் கூடாதுப்பா. பூட்டிச்சுன்னா சிக்னல் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்" என்றார். கிரீஸ் அப்பிய கையோடு அவர் அதைச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒடிசாவில் பஹானகா பஜாரில் சிக்னல் பொய் சொன்னது. கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விழுந்திருந்தது. பாயின்ட் மட்டும் பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. 290 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். முன்பு செய்த வயரிங் மாற்றத்தில் தவறு, அதோடு லெவல் கிராசிங் கேட் வேலைக்காக அன்றைக்குச் செய்த சிக்னல் வேலையிலும் தவறு என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு கேபினுக்குள் இருந்த வயர்கள்!

கிரீஸில் தெம்பியிலும் பாயின்ட்தான். ஏதென்ஸிலிருந்து வந்த பயணிகள் ரயில் லாரிசா ஸ்டேஷனில் தவறான தடத்துக்குப் போனது. எதிரே வந்த சரக்கு ரயிலும் அதே தடத்தில். சுமார் 12 நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. 57 பேர், பலர் விடுமுறை முடிந்து திரும்பிய மாணவர்கள். எச்சரித்திருக்க வேண்டிய சிக்னல் வேலைக்கு 2014-இலேயே ஒப்பந்தம் போட்டாயிற்று, வேலை முடியவில்லை. 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று எழுதிய அட்டைகளோடு அந்த ஊர் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். இது 2023-இன் ரயில் செய்தி இல்லையா?

'சாலையை விட ரயில் பாதுகாப்பானது, விபத்தும் குறைந்துகொண்டு வருகிறது' என்று எழுதினார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாதுகாப்பு தானாக வரவில்லை, அந்த இரும்புத் துண்டை வைத்துப் பார்த்தவர்களால் வந்தது. 'கவச் வந்தால் சரியாகிவிடும்' என்றார் இன்னொருவர்; சிவப்பைத் தாண்டும் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி அது. பஹானகாவில் கவச் இருந்தாலும் தடுத்திருக்காது என்று ரயில்வேயே சொன்னது. பச்சை விழுந்த ரயிலை அது ஏன் நிறுத்தப் போகிறது? 'உங்களுக்கு வளர்ச்சியே பிடிக்காது' என்றவருக்கு என்ன பதில் சொல்வது? ரயில்வே சம்பளத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ரயிலைப் பிடிக்காது என்று என்னிடமா சொல்கிறீர்கள்? உண்மையிலேயே வலிக்கிறது.

வேகத்தைக் கொண்டாடுங்கள். ஆனால் அந்த வேகத்தைத் தாங்குபவர்களுக்குப் பட்டியலில் ஒரு வரிகூடவா இல்லை? ஆகஸ்ட் கடைசியில் இத்தாலியில் பிராண்டிட்ஸோவில், நடுராத்திரி தண்டவாளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேர் மேல் ரயில் ஏறியது. அப்பாவும் எத்தனையோ ராத்திரி அப்படிப் போனவர்தான். அவர் வீட்டுக்கு வரும் வரை அம்மா வாசல் விளக்கை அணைக்க மாட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோரமண்டலில் முன்பதிவில்லாத பெட்டியில் வந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அந்த டிக்கெட்டில் பெயரே எழுதுவதில்லை. 28 உடல்கள் யாரும் கேட்டு வராமல் புவனேஸ்வரில் நான்கு மாதம் குளிர்பெட்டியில் கிடந்தன. அக்டோபரில்தான் எரித்தார்கள். ஜகார்த்தாவில் அந்தப் புது ரயில் கிளம்பியதும் அதே மாதம்தான். இரண்டையும் ஒரே பதிவில் எழுதினால் எழவைக் கொண்டு வருகிறேன் என்கிறீர்கள். அந்த 28 பேரை வேறு எந்த இடத்தில் எழுதுவது, சொல்லுங்கள்.