என் பெயரைச் சொல்லி வெட்டாதீர்கள்

ஆஸ்கார் விருது விழாவை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்தில் நான் கடைசி பெஞ்ச். பரிந்துரைப் பட்டியலில் உள்ள படங்களில் இரண்டைப் பார்த்து முடித்திருந்தால் அந்த ஆண்டு எனக்கு வெற்றிகரமான ஆண்டு. மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் ஒவ்வோர் ஆண்டும் முடிவு அறிவிக்கப்பட்டவுடன் வீட்டில் முதல் ஆளாக "அநியாயம்!" என்று கத்துகிறேன்.

முன்பெல்லாம் இதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. 2025 ஏப்ரலில் அது போய்விட்டது. இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும் என்று, ஆஸ்காரை வழங்கும் அகாடமி அப்போதுதான் விதி கொண்டுவந்தது. நல்ல விதி, குறை சொல்லவில்லை. ஆனால் 1929இல் தொடங்கிய விருதுக்கு இப்படியொரு விதி 2025இல்தான் தேவைப்பட்டது என்றால், இத்தனை காலமும் என்னைப் போலவே பாதியில் தூங்கியவர்கள் வாக்குச்சீட்டையும் கையில் வைத்திருந்தார்கள் என்றுதானே பொருள்? திருட்டுப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் டிக்கெட் இல்லை என்று தெரியவரும்போது ஒரு நிம்மதி வருமே, அது வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த விழாவைப் பற்றி ஆண்டுதோறும் ஒரே குற்றச்சாட்டு: நீளம். எங்கள் வீட்டில் இதை வைப்பவள் என் தங்கை. "அண்ணா, நாலு பேருக்குப் பரிசு கொடுக்க நாலு மணி நேரமா? முடிந்த பிறகு நல்ல துண்டுகளை மட்டும் பார்த்தால் போதாதா?" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து போவாளா என்றால் அதுவும் இல்லை. கடைசி வரை இருந்து, நாலு மணி நேரமும் நீளத்தைப் பற்றியே பேசுவாள்.

நீளத்தைப் பற்றிய வரலாறு அவள் பக்கம்தான். 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் விருது வழங்கும் பகுதி கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யாருக்கு விருது என்பதை மூன்று மாதம் முன்பே அறிவித்துவிட்டார்கள். உறையும் இல்லை, படபடப்பும் இல்லை. 1953இல் முதன்முறையாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. அதன்பிறகு வளர்ந்தது, வளர்ந்தது, 2002இல் நான்கு மணி இருபத்து மூன்று நிமிடத்தில் போய் நின்றது. பார்வையாளர் எண்ணிக்கையோ எதிர்த்திசையில் போனது. டைட்டானிக் அள்ளிச் சென்ற 1998 விழாவை அமெரிக்காவில் மட்டும் ஐந்தரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். பெருந்தொற்றுக் காலத்து 2021இல் அது சுமார் ஒரு கோடி. பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் பழைய உயரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் நான் சம்பந்தப்படுகிறேன். எண்ணிக்கை குறைந்ததும், நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் "சாதாரணப் பார்வையாளர்" என்று ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். அந்த மனிதருக்குப் பொறுமை கிடையாதாம். ஒலிக்கலவை, படத்தொகுப்பு, குறும்படம் என்றால் கொட்டாவி விடுவாராம். நட்சத்திரம் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவாராம். அவருக்காக 2022இல் எட்டுப் பிரிவுகளை நேரலைக்கு வெளியே தள்ளினார்கள். படத்தொகுப்பு, பின்னணி இசை, கலை இயக்கம், ஒப்பனை, ஒலி, மூன்று வகைக் குறும்படங்கள். இந்த எட்டுப் பிரிவுகளுக்கும் விருதை முன்கூட்டியே அரங்கில் கொடுத்து முடித்து, அதை வெட்டி ஒட்டி நடுநடுவே காட்டினார்கள். படத்தொகுப்பாளருக்குக் கொடுக்கும் விருதையே கத்தரித்துக் காட்டிய கூத்தை யார் யோசித்தார்களோ தெரியவில்லை. இவ்வளவும் செய்து நேரம் மிச்சமானதா? நிகழ்ச்சி மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிப் போனது. அந்த ஆண்டை உலகம் நினைவு வைத்திருப்பது, நடிகர் வில் ஸ்மித் மேடையில் கிறிஸ் ராக்கின் கன்னத்தில் விட்ட ஓர் அறைக்காகத்தான். அதைப் பற்றி எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள், நான் விடுகிறேன். மறு ஆண்டே எட்டும் நேரலைக்குத் திரும்பின.

ஐயா, அந்தச் சாதாரணப் பார்வையாளர் நான்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்: எனக்குப் பிடித்ததே நீங்கள் வெட்டும் பகுதிதான்.

காரணம் எளிது. பெரிய நடிகர்களை ஆண்டு முழுக்கப் பார்க்கிறோம். அவர்கள் மேடையேறுமுன் அந்த விருதுப் பருவத்தின் மற்ற விழாக்களில் நாலைந்து முறை இதே நன்றியைச் சொல்லிப் பழகியிருப்பார்கள். அழுகைகூட எந்த வாக்கியத்தில் வரும் என்று தெரியும். ஆவணக் குறும்படம் எடுத்தவர் அப்படியில்லை. நடந்து வரும்போதே கால் தடுமாறும். சட்டைப் பையிலிருந்து எடுக்கும் காகிதம் நடுங்கும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை இத்தனை பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவருடைய படத்தை நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன்.

2023 மார்ச் மாத விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறும்படத்துக்கு விருது வாங்க வந்த வட அயர்லாந்துப் படத்தின் குழுவினர், கிடைத்த சில விநாடிகளை நன்றி சொல்வதில் செலவழிக்கவில்லை. தங்கள் நடிகர் ஜேம்ஸ் மார்ட்டினுக்கு அன்று பிறந்த நாள் என்று சொல்லி, அரங்கம் முழுவதையும் பிறந்த நாள் பாட்டுப் பாட வைத்துவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற அத்தனை பேரும் அவருக்காக எழுந்த குரலில் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த நடிகர் என்ன பேசினார் என்று கேட்டால் நான் கூகுளில்தான் தேட வேண்டும். இது நினைவிருக்கிறது.

அதே இரவில்தான் முதுமலை யானை முகாமின் கதையைச் சொன்ன 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' சிறந்த ஆவணக் குறும்படமானது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் பேசி முடித்தார். தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாய் திறந்தார், இசை எழும்பிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்து, "அந்தப் பெண் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அதற்குள் என்ன அவசரம்?" என்று கேட்டார். ஏற்புரைக்கு 45 விநாடிதான் வழக்கம், அது தீர்ந்தால் இசையை எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் விளக்கினேன். அம்மாவுக்கு விளக்கம் போதவில்லை. எனக்கும்தான்.

அந்த 45 விநாடியும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2025இல் சிறந்த நடிகரான ஏட்ரியன் புரோடி ஐந்தரை நிமிடத்துக்கு மேல் பேசினார். இசை தொடங்கியபோது அதை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கடிகாரம் ஆள் பார்த்துத்தான் ஓடுகிறது என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மிக நன்றாகத் தெரிகிறது.

ஒரே ஒரு முறை இது சரிசெய்யப்பட்டதை எனக்குத் தெரியும். 2008இல் சிறந்த பாடலுக்கான விருது இருவருக்குக் கிடைத்தது. கிளென் ஹான்சார்ட் பேசியதும், மார்கெட்டா இர்க்லோவா பேச வந்த நொடியில் இசையை எழுப்பி அவரை அனுப்பிவிட்டார்கள். விளம்பர இடைவேளை முடிந்து வந்த தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட், அந்தப் பெண்ணைத் திரும்ப மேடைக்கு அழைத்துப் பேச வைத்தார். அதனால் நிகழ்ச்சி எத்தனை விநாடி நீண்டது என்று இன்றுவரை யாரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியானால் எதைத்தான் வெட்டுவது என்று தங்கை கேட்கிறாள். தாராளமாகப் பட்டியல் தருகிறேன். உறையைப் பிரிக்க வரும் இருவர், எழுதிக்கொடுத்த நகைச்சுவையைத் திரையில் பார்த்துப் படித்து, தாங்களே சிரித்துக்கொள்வார்களே, அது. சினிமா எவ்வளவு மகத்தானது என்று சினிமாக்காரர்களுக்கே எடுத்துச் சொல்லும் காட்சித்தொகுப்புகள். தொகுப்பாளர் பார்வையாளர் வரிசைக்குள் புகுந்து செய்யும் வேடிக்கைகள். இவை மூன்றும் போனாலே இன்னும் ஐந்து பிரிவு சேர்க்கலாம்.

மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியை மட்டும் தொடாதீர்கள். தொடுவதென்றால் ஒளிப்பதிவாளரை ஒரு வார்த்தை கண்டியுங்கள். பெயர்கள் ஓடும் நேரத்தில் பாடகரின் முகத்தையும் நடனக் குழுவையும் சுற்றிச் சுற்றிக் காட்டி, பெயர்ப்பலகையை எங்கோ தூரத்தில் எறும்பு வரிசைபோல வைத்துவிடுகிறார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யாரு அது, யாரு அது" என்று கேட்பதற்குள் ஆள் மறைந்துவிடுகிறார், இரண்டாவது முறையாக.

வாழ்நாள் சாதனைக்கான கௌரவ விருதுகளையும் 2009இல் தனி நிகழ்ச்சியாக வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு அவை விழாவின் நடுவிலேயே இருந்தன. 1992இல் சத்யஜித் ரே கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே விருதை ஏந்திப் பேசிய காட்சியை அந்த இரவின் பார்வையாளர்கள் கண்டார்கள். இன்று அப்படி ஒருவர் இருந்தால், வீட்டில் இருப்பவனுக்கு அவருடைய ஒரு சில விநாடித் துணுக்குதான் மிஞ்சும்.

நேரலையின் சுகத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துண்டு துண்டாகப் பார்ப்பவர்களுக்கு அது கிடைக்காது. 2017இல் சிறந்த படம் என்று 'லா லா லேண்ட்' குழுவை மேடையேற்றினார்கள் அல்லவா? அவர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹெட்செட் மாட்டிய ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அண்ணா, ஏதோ தப்பு நடக்கிறது" என்றாள் தங்கை, அதுவரை நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள். சற்று நேரத்தில் 'மூன்லைட்'தான் வென்றது என்று தெரிந்தது. சிறந்த நடிகைக்கான உறையின் மறுபிரதி தவறான கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் அதே காட்சியைப் பத்து முறை பார்த்தேன். ஹெட்செட்காரர் நடந்த அந்த அரை நிமிடச் சந்தேகம் ஒருமுறைகூடத் திரும்ப வரவில்லை.

2021இல் நேர்மாறு. சிறந்த படத்தை முன்னால் அறிவித்துவிட்டு, சிறந்த நடிகரைக் கடைசிக்கு வைத்தார்கள். மறைந்த நடிகர் சாட்விக் போஸ்மனுக்குக் கிடைக்கும், உருக்கமாக முடிக்கலாம் என்ற கணக்காக இருக்க வேண்டும் என்று பார்த்த எல்லோரும் நினைத்தோம். உறையில் இருந்ததோ ஆண்டனி ஹாப்கின்ஸ். அவர் அரங்கிலேயே இல்லை, வேல்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். கடையை அவசரமாகச் சாத்துவதுபோல நிகழ்ச்சி முடிந்தது. எங்கள் வீட்டில் யாரும் சில விநாடி பேசவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

2029 முதல் விழா யூடியூபுக்குப் போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். தொலைக்காட்சியின் கால அட்டவணை என்ற சாக்கு அதோடு போய்விடும். இசையை எழுப்பி ஒருவரை விரட்ட அப்போது என்ன காரணம் சொல்வார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

கடைசியாக, சின்னப் பிரிவுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்கிறேன். விழாவுக்கு முன் ஆளுக்கொரு தாளில் எல்லாப் பிரிவுக்கும் கணிப்பு எழுதுவோம். பெரிய பிரிவுகளில் எல்லோரும் பத்திரிகையில் படித்ததையே எழுதுவதால் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை அந்த மூன்று குறும்படங்கள். ஒரு படம்கூடப் பார்க்காத அம்மா அவற்றில்தான் ஆண்டுதோறும் எங்களை மண்ணைக் கவ்வ வைக்கிறார். எப்படி அம்மா என்று கேட்டால், "தலைப்பைப் பார்த்தேன், பாவமாக இருந்தது" என்கிறார்.