ஸ்டேட்டஸில் எட்டுக் கிலோ, கணக்கில் ஒன்றுமில்லை

மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் போன் வெளியே வந்துவிடுகிறது. தொங்கு தராசில் மாட்டி, படகு ஆடுகிற ஆட்டத்தில் எண் ஒரு நிலைக்கு வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, 8.2 என்று விழுந்ததும் தராசோடு சேர்த்து ஒரு படம். அப்புறம் செவுளில் ஒரு கை, வாலில் ஒரு கை, இரண்டையும் கேமரா பக்கம் நீட்டமாக நீட்டி, பிடித்த ஆளே பாதி மறைகிற மாதிரி இன்னொரு படம். படகு தங்கச்சிமடத்துக் கரைக்கு வருவதற்குள் அந்தக் களவா மீன் காரைக்குடி, தேவகோட்டை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சொந்தபந்தம் இருக்கிற ஊரெல்லாம் சுற்றி முடித்துவிடும். எடை, நீளம், எந்த ஜிக் (உலோகத்தில் செய்த போலி இரை), என்ன நிறம், எத்தனை மணிக்கு அடித்தது, ரீல் என்ன விலை, ஒன்று விடாமல் எழுதியிருக்கும்.

இதே ஆளிடம், "இந்த மீனைப் பற்றி மீன்வளத்துறைக்கு ரெண்டு வரி எழுதிக் கொடுக்கணும்னு சட்டம் வந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறிவிடும். "நான் எதுக்குங்க சொல்லணும்? அது என் சொந்த விஷயம்!"

எதய்யா சொந்த விஷயம்? ஊர் முழுக்கத் தண்டோரா போட்டபோது அது சொந்த விஷயமாகத் தெரியவில்லையா?

இந்தக் கொதிப்பைக் கிளப்பிவிட்டவர் எங்கள் தூண்டில் குழுவில் இருக்கிற ஃப்ளோரிடா மாப்பிள்ளை. தேவகோட்டைக்காரர், அங்கே போய்ச் சொந்தமாகப் படகு வாங்குகிற அளவுக்கு நன்றாக இருக்கிறார், இருக்கட்டும். ஒரு நாள் ராத்திரி குரல் பதிவு மேல் குரல் பதிவாக ஒரே புலம்பல். அங்கே கடலடிப் பார்களில், அதாவது பாறைத்திட்டுகளில், கிடக்கிற மீனைப் பிடிக்கவேண்டுமானால் தனியாகப் பெயர் பதிய வேண்டுமாம், வீட்டுக்குத் தபாலில் கேள்வித்தாள் வருமாம், கொடுமையாம். உடனே இங்கே இருக்கிற அத்தனை பேரும் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள். "மீன் பிடிக்கிறதுக்குமா அரசாங்கம்?" என்று ஒருவர். "நல்லவேளை நம்ம ஊர்ல அந்த இம்சை இல்லை" என்று இன்னொருவர், கூடவே கும்பிடு போடுகிற பொம்மை வேறு.

சரி, அந்தக் கொடுமைதான் என்ன என்று பார்ப்போம். ஃப்ளோரிடாவில் சொந்தப் படகில் போய், சிவப்பு ஸ்னாப்பர், களவா வகைகள் என்று பட்டியலில் உள்ள 13 வகைப் பார் மீன்களைப் பிடிக்கிறவர்கள் தங்கள் உரிமத்தோடு ஒரு பதிவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காசு கிடையாது. 65 வயதைத் தாண்டியதால் உரிமமே வேண்டாம் என்று விடப்பட்ட பெரியவர்களும் இதற்குப் பதிய வேண்டும். மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 2015-லேயே இப்படி ஒரு கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது, 2020 ஜூலையில் மாநிலம் முழுக்க விரித்தார்கள். பதிந்தவர்களில் சிலருக்குத் தபாலில் கேள்வித்தாள் வரும்: கடலுக்குப் போனாயா, என்ன பிடித்தாய், எத்தனையை விட்டாய்? இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் மாப்பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு நம்மைக் கூப்பிட்டு வைத்து அழுதது.

பக்கத்து அலபாமாவில் இதைவிடக் கண்டிப்பு. சிவப்பு ஸ்னாப்பர் பிடித்துவந்த படகு, மீனைக் கரையில் இறக்குமுன் ஒரு அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும், 2014 முதல் கட்டாயம். மிசிசிப்பியில் கிளம்புவதற்கு முன்பே பயணத்துக்கு ஒரு எண் வாங்க வேண்டும், திரும்பி வந்து அதற்குக் கணக்கை முடிக்க வேண்டும். அங்கேயும் மனிதர்கள் மீன் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

குழுவில் வந்த முதல் வாதம்: "ஒரு தூண்டில்காரன் எவ்வளவு பிடிச்சிடப் போறான்? போய் இழுவைமடிக்காரனைக் கேளுங்க." இந்த வாதத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இழுவைமடி கடலடியைச் சுரண்டுவது உண்மை, அதைத் திட்டுகிற வரிசையில் நானும் நிற்கிறேன். ஆனால் இழுவைமடிக்காரன் பார்மேல் வலையை விடமாட்டான், வலை கிழிந்துவிடும். பாரைத் தேடிப்பிடித்து, அதன் பொந்துக்கு நேர் மேலே நின்று, அங்கே இருப்பதிலேயே பெரிய மீனைக் குறிவைத்து இழுக்கிறவர்கள் நாம்தான். களவாவில் பல வகைகள் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து பெரிதான பிறகுதான் ஆணாக மாறுகின்றன. படத்துக்கு எடுப்பாக இருக்கிற எட்டுக் கிலோ மீன் அந்தப் பாரின் ஆண் மீனாகவே இருக்கலாம். அதைத் தூக்கி ஐஸ்பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த மாதமும் அதே இடத்துக்கு வந்து, "முன்ன மாதிரி கிடைக்கிறது இல்லண்ணே" என்று படகுக்கார அண்ணனிடம் அலுத்துக்கொள்வது. அந்த மனுஷன் பாவம், வாடகை கொடுக்கிற கட்சி என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்.

அவர் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவனை 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து கடைசி மைல்வரை துரத்துகிறது. விசைப்படகு என்றால் டோக்கன் இல்லாமல் கிளம்ப முடியாது. ராமநாதபுரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் இன்ன நாள், நாட்டுப்படகுக்கு இன்ன நாள் என்று பங்கு பிரித்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்க வேண்டும். எல்லைப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்பது தனிக் கதை, அது பேப்பரில் வராத மாதம் இல்லை. இத்தனையும் அவனுக்கு. தூண்டிலும் தொப்பியுமாகக் காரில் வந்து இறங்குகிற நமக்கு? ஒரு காகிதம் கிடையாது. விசைப்படகு கரையில் நிற்கிற அந்த இரண்டு மாதம்தான் எங்கள் குழுவுக்குத் திருவிழாவே. "கூட்டம் இல்லை, செம்ம சீசன், வாங்க" என்று செய்தி வரும். வெட்கமாக இல்லையா என்று கேட்டால் என்னைச் சாமியார் என்கிறார்கள்.

இன்னொரு விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். நம் நாட்டில் கடல்மீன் எவ்வளவு பிடிபடுகிறது என்ற கணக்கை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பல வருஷம் தலைமையிடமே நம் மண்டபம்தான், பிறகுதான் அது கொச்சிக்குப் போனது. அவர்களுடைய ஆட்கள் மீன் வந்து இறங்குகிற தளங்களுக்குப் போய், மாதிரிக்குச் சில நாட்களையும் சில படகுகளையும் எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். ஏலத்துக்கு வருகிற மீன் அதில் எப்படியாவது தலைகாட்டிவிடும். நம்முடைய மீன்? படகிலிருந்து ஐஸ்பெட்டி, ஐஸ்பெட்டியிலிருந்து கார் டிக்கி, தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே ஓட்டம், நேராக ஆச்சி வீட்டு அடுப்படி. விளைமீன் குழம்பு, களவா வறுவல், அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கு ஒரு துண்டு. நாட்டின் கணக்கைப் பொறுத்தவரை அந்த மீன் இன்னும் கடலில்தான் நீந்திக்கொண்டிருக்கிறது.

அதுவும் எந்தக் கடல்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடவே கூடாது. பாக் விரிகுடாப் பக்கம் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி ஓடுகிற பவளப்பார் ஆழமே இல்லாதது, வெயில் ஏறினால் முதலில் வேகிறது அதுதான். 2016-ல் இரண்டு பக்கமும் பவளம் வெளுத்துச் செத்தது எல்லாரும் அறிந்தது. இந்த நிலையில் இருக்கிற பாரிலிருந்து வருஷத்துக்கு எத்தனை மீன் தூண்டிலில் போகிறது என்று கேட்டால் யாரிடமும் ஒரு எண் இல்லை. எல்லா எண்ணும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது, அதிலும் பாதி அளந்துவிட்டது.

இரண்டாவது வாதம்: "எழுதிக் கொடுத்தா நம்ம இடம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்." அட, அலபாமாவிலேயே கேட்பது எத்தனை பேர் போனீர்கள், எத்தனை மீன் வைத்துக்கொண்டீர்கள், விட்டதில் செத்தது எத்தனை என்கிற மாதிரி கேள்விகள்தான். பாரின் ஜிபிஎஸ் புள்ளியை யாரும் கேட்கவில்லை. வாடகைப் படகுகளில் 24 மணி நேரமும் கண்காணிக்கிற கருவி பொருத்தச் சொல்லி அமெரிக்க மத்திய அரசு கிளம்பியதும், 2023 பிப்ரவரியில் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்ததும் உண்மை. அதில் எனக்கும் படகுக்காரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. வேவு பார்ப்பது வேறு, எண்ணிக்கை கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதுதான் எங்கள் ஆட்களின் திறமை. அதுபோக, படத்தில் பின்னால் பாம்பன் பாலம் பளிச்சென்று தெரிகிறது. இதில் இடம் ரகசியமாம்.

மூன்றாவதைச் சொன்னது மாப்பிள்ளையேதான், கொஞ்சம் வலுவான வாதம்: "அவங்க கணக்கே தப்பு மச்சான்." ஆமாம், தப்பு இருந்தது. மத்திய அரசு தனியாக அனுப்புகிற தபால் கேள்வித்தாளில் கேள்விகளின் வரிசையை மாற்றிப் பார்த்தபோது, மீன்பிடிப் பயணங்களின் மதிப்பீடு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் அமெரிக்கக் கடல்மீன் துறையே வெளியே சொல்லியது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஞாபகத்தை நம்பி, மாதக்கணக்கில் தள்ளிக் கேட்டால் ஆட்கள் கன்னாபின்னாவென்று பதில் எழுதுவார்கள் என்றுதானே அர்த்தம்? அன்றன்றைக்குக் கரையில் இறங்கும்போதே சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை. அதைச் சொல்லமாட்டார், அரசாங்கம் ஊகித்தால் மட்டும் கோபம் வரும்.

இந்த ஊகத்தின் விலையும் அவர் ஊரிலேயே இருக்கிறது. ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் பக்கத்தில், மத்திய அரசின் கடலில் பொழுதுபோக்காகச் சிவப்பு ஸ்னாப்பர் பிடிக்க 2024-ல் விட்ட சீசன் எத்தனை நாள் தெரியுமா? ஒரு நாள். ஜூலை 12. அடுத்த வருஷம் கருணை காட்டி இரண்டு நாள். காரணம், பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிற மீன்களில் சாகிறவை. ஆழத்திலிருந்து சரசரவென்று மேலே இழுத்தால் உள்ளே காற்றுப்பை ஊதிக்கொள்ளும், கண் பிதுங்கும், வயிறு வாய்வழியாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதைத் தண்ணீரில் விட்டால் உள்ளே போகமுடியாமல் மல்லாந்து மிதக்கும். இப்படிச் சாகிறவை என்று மதிப்பிட்ட எண்ணிக்கையே அனுமதித்த அளவில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது, மிச்சத்துக்கு ஓரிரு நாள்தான் வந்தது. அந்த மதிப்பீடு தப்பு என்று தூண்டில்காரர்கள் சண்டை போடுகிறார்கள். சரி, தப்பு என்று காட்ட உன் கையில் நோட்டு எங்கே?

நம் பாக் விரிகுடாவில் அந்த ஆழம் இல்லை. ஆனால் இங்கேயும் பத்துப் படம் எடுத்து முடிக்கிறவரை வெயிலில் பிடித்துவைத்திருந்து, பிறகு "ரிலீஸ் பண்ணிட்டேன்" என்று இதயம் போட்டுப் பதிவிடுகிற மகான்கள் உண்டு. விட்டது பிழைத்ததா என்று திரும்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இதெல்லாம் எந்த ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சு என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன் மட்டி என்று பழமொழி சொல்லி வளர்த்த மண். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்துப் பேரேட்டில் வட்டியைத் தம்படி பிசகாமல் எழுதிய நகரத்தார்களின் பேரன்கள். கல்யாணம் ஆனால் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், என்று பதிந்து, புள்ளிவரி கட்டி, இளையாற்றங்குடியிலிருந்து வேலங்குடி வரை ஒன்பது கோயிலுக்கும் எத்தனை புள்ளி என்று இன்றைக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் மொய் ஏடு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பச்சி எழுதிய தொகையை எடுத்துப் பார்த்துத்தான் திரும்பச் செய்கிறோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் என்று 2024 மே மாதம் சொன்னார்கள், முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் எடுத்தோம், அங்கே போய் வர்க்கி வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். கடலுக்குள் மட்டும் கணக்கு என்றால் சுதந்திரம் பறிபோகிறதா?

துறைக்காரர்களும் உத்தமர்கள் இல்லை. சட்டம் போட்டால் மட்டும் போதாது. நாலு ஆவணம், மூன்று பக்கப் படிவம், கடவுச்சொல் மறந்தால் மாவட்ட அலுவலகம் என்று ஆக்கிவிடுவார்கள் என்கிற பயம் எனக்கும் உண்டு. சிக்னல் இல்லாத கரையில் இணையத்தில்தான் பதியவேண்டும் என்பார்கள். படகுக்கு ஒரு குறுஞ்செய்தி: எத்தனை தூண்டில், எந்த வகையில் எத்தனை மீன், விட்டது எத்தனை, செத்தது எத்தனை. இதற்குமேல் கேட்டால் நானே முதல் ஆளாகக் கொடி பிடிப்பேன். இதைக்கூடக் கேட்காமல் விட்டிருப்பதுதான் என் ஆத்திரம்.

குழுவில் உள்ளவர்களுக்கு ஒன்று. அடுத்த தடவை மண்டபம் பக்கம் போகும்போது நான் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வருவேன். பெயர் எழுதமாட்டேன், இடம் எழுதமாட்டேன். மீனின் வகை, நீளம், எடை, என்ன ஆனது, அவ்வளவுதான். அப்போது எட்டுக் கிலோ ஆறரைக் கிலோவாகிவிட்டால் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது, தராசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதம் இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படகு வாடகையில் என் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நீங்களே பிரித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை, உங்கள் வீட்டு மேஜையில் பிரிக்காமல் கிடக்கிற அந்தத் தபாலையும் எடுத்து நிரப்பி அனுப்புங்கள். தபால்தலைகூட நீங்கள் ஒட்டவேண்டியிருக்காது.