கறுப்புத் தார்ப்பாய் போட்டால் வீடு குளிராது

கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "பாலைவன பெதுவின் மக்கள் கறுப்புக் கூடாரத்தில்தான் வாழ்கிறார்கள். அகதி முகாம்களுக்கும் இதுதான் தீர்வு. ஷீட் கூரை மேல் கறுப்புத் தார்ப்பாய் போடுங்கள், ஏசி போலக் குளிரும்" என்கிறது.

முதல் வரி பழைய கதையாகச் சரி. பெதுவின் என்பவர்கள் அரபுப் பாலைவன நாடோடி மக்கள். கறுப்புக் கூடாரம் அவர்கள் பாரம்பரியம், ஆனால் இன்று பெரும்பாலோர் வீடுகளில்தான் வாழ்கிறார்கள். மீதி தவறு.

அந்தக் கூடாரம் ஆட்டு முடியில் நெய்தது. குளிர்ச்சி நிறத்தால் வருவதில்லை, நெசவால் வருகிறது. நம்ம ஊர்க் கம்பளியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், சின்னச் சின்ன இடைவெளி தெரியும். சூடான காற்று அப்படிப்பட்ட இடைவெளி வழியே மேலே போய்விடும். பக்கத் துணியைச் சுருட்டிவிட்டால் கீழிருந்து காற்று வரும். மழையில் முடி நனைந்து உப்பி, இடைவெளி அடைபடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் இதில் எதையும் செய்யாது. வெயிலை உறிஞ்சும், காற்றை அடைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது ஆபத்து.

1980ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வையும் ஆதாரமாகச் சொல்கிறார்கள். அது பெதுவின் மக்களின் கறுப்பு அங்கி பற்றியது, கூரை பற்றியது அல்ல. அதிலும் கறுப்புத் துணி கூடுதல் சூட்டை வாங்கியது உண்மை. அது உடம்புக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இதழின் இணையதளத்தில் பார்க்கலாம்.

சந்தேகம் இருந்தால், ஒரு ஷீட்டில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்து, மீதியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, மதியம் 2 மணிக்கு இரண்டின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள்.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.